சுவிச் கியரும் கேபிள் கியரும்

என் சைக்கிளின் கியரை மாற்றிப் பார்ப்பதற்காக ஆமிக்காரர் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். எட்டாவது ஆள் கோப்ரல். அவர் வரிசையில் நிற்கவில்லை, இடையில் புகுந்தார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. நான் பென்சன் எடுத்து கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தேன். பாரிசிலிருந்து வந்த அக்காவின் மகன் தந்துவிட்டுப் போன சைக்கிள் அது. கியர் மாற்றக் கேபிள் கிடையாது. ஹாண்டிலில் ஒரு சுவிச். அமத்தினால் பற்றரி வேலை செய்து, சங்கிலி 'டிக்' என்று அடுத்த பற்சக்கரத்துக்குத் தாவும். நினைத்தாலே மாறும் என்றுதான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என்னோடு துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்த கொட்டாஞ்சேனை நோபேட்டுக்கு அது பொறுக்கவில்லை. அவருடையது கேபிள் கியர்.

"ஐசே சிவபாதம், கேபிள் அறுந்தா மருதானையில வாங்கலாம். உம்மட பற்றரி செத்தா பாரிசுக்கே போவீர்?"

"முதல்ல என்ர பின்சில்லைப் பிடியும். பிறகு கதையும்."

பந்தயம் பிறந்தது. என் வீட்டிலிருந்து அவர் வீட்டு வாசல்வரை ஓட்டம். தோற்றால் நான் ஒரு வருடம் புளுகக் கூடாது. ஒரு வருடம் பட்டினி கிட என்றிருந்தால் யோசித்திருக்க மாட்டேன். இது உயிர்ப் பிரச்சினை.

ஞாயிறு காலை கிளம்பினோம். பம்பலப்பிட்டியில் என் நிழலே எனக்கு நூறு யார் தூரம் பின்னால் வந்தது. அதைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. வயர், பற்றரி, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். அந்தக் காலத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டு திரிகிற மூளை எனக்கு மட்டுந்தான் வாய்க்கும்.

என்னை மண்மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

"மேக்க மொகக்த?" கோப்ரல் சுவிச்சைக் காட்டிக் கேட்டார்.

"கியர், மாத்தயா."

அமத்திக் காட்டச் சொல்லிவிட்டு எல்லோரும் குப்புறப் படுத்தார்கள். நான் பின்சில்லைத் தூக்கி, மிதியைச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு அமத்தினேன். டிக்.

ஒரு தலை எழும்பியது. "ஆயெத்!" என்றது. மறுபடியும் டிக். பிறகுதான் அந்த வரிசை. மூட்டை இடுக்கால் நோபேட்டின் தொப்பி கடந்துபோவதைப் பார்த்தேன். ஏழாவது ஆளின் விரலில் பற்றரி செத்தது, அதுவும் ஆகக் கடினமான கியரில்.

கொட்டாஞ்சேனையை அடைந்தபோது நோபேட் குளித்துச் சாப்பிட்டும் முடித்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏழு பேர்! வரிசையில! வாயை மூடும், வருசம் இண்டைக்குத் தொடங்குது."

"இது புளுகில்லை, காணும்!"

அவர் மனைவி மேபல் தீர்ப்புச் சொன்னார்: "நடந்தது எண்டு இவரே ஒத்துக்கொண்டா நீங்க கதைக்கலாம் அண்ணே."

மூன்று நாள் வாய் திறக்கவில்லை. வயிறு ஊதிவிட்டது. நான்காம் நாள் நோபேட் தன் சைக்கிளில் வந்தார், முகம் கறுத்துப்போய்.

"அந்தச் சாவடியில மறிச்சாங்கள். சுவிச் எங்கே எண்டு சைக்கிள் முழுக்கத் தேடினாங்கள். நான் லீவரைத் தள்ளிக் காட்டினன். ஒருத்தனும் தொடேல்லை, ஐசே! கோப்ரல் 'பவ், அங்கிள்' எண்டு முதுகில தட்டி, இரக்கப்பட்டு பிளேன்ரீ வாங்கித் தந்தான்."

"அப்ப?"

நோபேட் தொப்பியைக் கழற்றினார்.

"ஓம். நடந்ததுதான்."