இல்லாத காலைக் கடித்த ஷூ

கால்காரம்மா என்றால்தான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அவளைத் தெரியும். பதினெட்டு வருடமாகச் செயற்கைக் கால் செய்து மாட்டிவிடுகிறவள். இல்லாத கால் அரிக்கிறது, குளிர்கிறது என்று வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டாள். ஆனால் இந்த பஸ் டிரைவர் சொன்னது அவளுக்கே புதுசு. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து நாலு மாதமாகியும் இடது சுண்டுவிரலை ஷூ கடிக்கிறதாம். அந்த வலியில் புதுக் காலை ஊன்றவே முடியவில்லையாம்.

கூட வந்திருந்த மச்சான், அதாவது டிரைவருடைய மனைவியின் அண்ணன், தலையில் அடித்துக்கொண்டார். எல்லாம் மனசுதான், டாக்டரே சொல்லிவிட்டார் என்றார்.

கால்காரம்மா அவ்வளவு லேசில் விடுகிற ஆளா? மனசு வலிக்கிறதென்றால் அதற்குச் சுண்டுவிரல் எங்கிருந்து வந்தது? உடம்பு வலிக்கிறதென்றால் அந்த உடம்புதான் இல்லையே? கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஷூ என்று கேட்டாள்.

டிரைவர் மென்று விழுங்கினார். "அடிபட்ட அன்னைக்குப் போட்டிருந்தது. மச்சான் வாங்கிக் கொடுத்தது. ஒரு சைஸ் சின்னது."

"ஒரு வார்த்தை சொல்லலையே, மாப்பிள்ளை?"

"ஆசையா வாங்கிட்டு வந்தீங்க."

மறுநாள் அந்த ஷூ வந்தது. கால் நசுங்கியும் அதில் ஒரு கீறல் இல்லை. அதைச் செயற்கைப் பாதத்தில் திணித்து இறுக்கிக் கட்டினாள். டிரைவரைக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, குனிந்து பார்க்கச் சொன்னாள். அதே இடம்தான் என்று பல்லைக் கடித்தார். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாடாவைத் தளர்த்தி, ஷூவை மெதுவாக உருவினாள். வெறும் ரப்பர் பாதம்தான். ஆனாலும் நிஜக் காலைப் போலப் பதமாகத்தான் பிடித்திருந்தாள்.

போய்விட்டது என்றார் டிரைவர். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரடி, ஈரடி. மூன்றாவது அடியில் டிரைவர் நின்றுவிட்டார்.

மறுபடியும் வலிக்கிறதா என்று கேட்டாள்.

"வலி போச்சு மேடம். காலும் கூடவே போயிடுச்சு. இப்பதான் அங்க ஒண்ணுமே இல்ல."

கால்காரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவரிடம் ஒரு கால் இருந்திருக்கிறது. அதைத்தான் தன் கையால் கழற்றிவிட்டாள்.

எல்லாம் மனசு என்ற மச்சான்தான் மண்டியிட்டு ஷூவை எடுத்தார். ரப்பர் பாதத்தில் மாட்டினார்.

"லேசா கட்டுங்க மச்சான்," என்றார் டிரைவர். "கொஞ்சம் கடிச்சாப் போதும்."