சித்தப்பாகிட்ட சொல்லு

"அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று அப்பா சொன்னபோது அவருடைய ஒரு கால் ஏற்கனவே அந்த வண்டிக்குள் இருந்தது. மகள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா உள்ளே பின் சீட்டில் உட்கார்ந்து அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறைத் தரையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் வரவில்லை.

"நம்ம வண்டி எங்கப்பா இருக்கு? ரேடியேட்டரைக் கழட்டித் தரையில வச்சிருக்கீங்க."

"அது பழுது இல்ல. சர்வீஸ்."

"சரிப்பா, சர்வீஸ்தான்."

"உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, அது பழுது இல்லன்னு."

அதற்குள் அவருடைய தலை சித்தப்பாவின் மடிக்கு வந்துவிட்டது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். "சித்தப்பா, அது பழுது இல்லையாம்."

"சரின்னு சொல்லு பாப்பா."

இந்தக் குடும்பத்தில் பேச்சு இப்படித்தான் போய் வரும். அண்ணனும் தம்பியும் ஒரே வளாகத்தில் இரண்டு வீடு கட்டி, ஒரே பிக்கப் வண்டியை வைத்துச் சரக்கு வாடகைத் தொழில் ஆரம்பித்தவர்கள். அது முகப்பில் மாட்டுக்கொம்பு முத்திரை போட்ட வண்டி. இரண்டாவது வண்டி வாங்க வேண்டி வந்தபோது தம்பி ஒரு வார்த்தை கேட்காமல், பின் சீட்டும் உள்ள இந்தக் கழுகு முத்திரை வண்டியில் வந்து இறங்கினார். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடியிருந்தால்கூட மன்னித்திருப்பார். கொம்புக்கு இரும்பு இதயம், கழுகுக்குக் கம்ப்யூட்டர் மூளை என்று அண்ணன் சொல்ல, கொம்பு ஏற்றத்தில் இருமும், கழுகு பாடும் என்று தம்பி சொல்ல, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு முற்றத்தைக் கடந்தவள் இவள்தான். சித்தி இவளுக்கு வைத்த பெயர் தபால்காரி. நடுவில் ஆள் இல்லாத நாட்களில் இரண்டு பேரும் காற்றைப் பார்த்துச் சொல்வார்கள்: "கேட்டைச் சாத்தினா நாய் வராது."

"நீ ஓட்டு" என்றார் அப்பா. "அவன் ஓட்டினா எறங்கிருவேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். இவளுக்கு இது புதிதில்லை, தினமும் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவள்தான். பக்கத்துச் சிறு மருத்துவமனையின் நர்ஸ் போனில் சொன்னது காதிலேயே நின்றது. "எங்க ஆம்புலன்ஸ் இன்னொரு கேஸுக்குப் போயிருச்சும்மா. காத்திருக்காதீங்க, மேட்டைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கே போயிருங்க. கண்ணை மூட விடாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க."

பேச்சுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? "அப்பா, தண்ணி வேணுமா?" என்றாள். "ம்." "வலி எப்படி இருக்கு?" "ம்." கடைத்தெரு தாண்டியபோது அந்த "ம்"மும் தேய்ந்துபோனது.

"பாப்பா" என்றார் சித்தப்பா சத்தமாக. "கொம்பு வண்டியில டைமிங் பெல்ட் அறுந்தா இன்ஜினே காலியாமே. அதை நம்பி எப்படித்தான் சரக்கு ஏத்துறாங்களோ."

அப்பாவின் கண் திறந்தது. "பெல்ட்டா? உங்க சித்தப்பாகிட்ட சொல்லு. அது செயின். ஆயுசுக்கும் அறாது."

"செயினாம் சித்தப்பா."

"இருக்கட்டும். இன்ஜின் ஹெட் அலுமினியம்தானே, சூடானா வளைஞ்சிரும்."

"வார்ப்பு இரும்புன்னு சொல்லு. வளையுறது அவனோடது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் சாகக் கிடக்கிறார், இந்த நேரத்திலுமா வண்டிப் பெருமை? ஓரங்கட்டி சித்தப்பாவை இறக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பிஸ்டன் ரிங்குகூட ரெண்டேதான் போட்டிருக்கான், கஞ்சப்பய" என்றார் சித்தப்பா.

அங்கேதான் அவள் திடுக்கிட்டாள். அந்த இன்ஜினை இறக்கி ரிங் மாற்றியதே சித்தப்பாவின் கைதான். சண்டைக்கு முந்தைய காலம். சின்னப் பெண்ணாக அவள் விளக்குப் பிடித்திருக்க, ஒவ்வொரு பிஸ்டனுக்கும் மூன்று ரிங்கை எண்ணி எண்ணி மாட்டியவர் சித்தப்பா. அவருக்கா தெரியாது? கண்ணாடியில் பார்த்தாள். சித்தப்பாவின் முகத்தில் கிண்டலே இல்லை. வேர்த்து வழிய, பதிலுக்கு அசைகிறதா என்று அண்ணனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல்தான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது.

"ஆமாப்பா" என்றாள் அவளும். "ரெண்டுன்னுதான் நானும் கேள்விப்பட்டேன்."

"உனக்குமா புத்தி மழுங்கிப்போச்சு? மூணு."

ஏற்றம் தொடங்கிய இடத்தில் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. நடந்து போகிறவன்கூட முந்திவிடுவான்போல ஊர்ந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் விலகிப் போனது.

"நிறுத்தாத பாப்பா. இப்படியே உருட்டிட்டுப் போயிரலாம்."

"டர்போ சத்தம் நின்னுபோச்சு" என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே. "கம்ப்யூட்டர் பயந்துபோய்ப் பவரைக் குறைச்சிருச்சு. ஓரங்கட்டி அணைச்சிட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி போடு."

"திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னா? நடு மேட்டுல என்ன பண்றது? வேணாம் பாப்பா, என் வண்டி எனக்குத் தெரியும்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக யாருடைய பேச்சையும் யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் அவளிடமேதான் சொன்னார்கள். ஊர்ந்தே போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அணைத்து, கிளம்பாமல் போனால் எங்கேயும் போக முடியாது. இரண்டில் எது தப்பானாலும் அது அவள் செய்ததாகத்தான் இருக்கும். ஓரங்கட்டினாள். கை பிரேக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் அடங்கியதும் அப்பா மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டிருக்கவே வேண்டாம். நனைந்த துணியை இழுப்பதுபோல் இருந்தது. சித்தப்பா அண்ணனின் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் சாவியைப் போட்டாள். வண்டி கிளம்பியது. மஞ்சள் விளக்கு இல்லை. மிதித்ததும் இழுத்தது.

கொஞ்ச தூரம் போனபின் சித்தப்பா மெதுவாகச் சொன்னார். "உங்கப்பாகிட்ட சொல்லு பாப்பா. அவரு சொன்னதுதான் சரின்னு."

அவள் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"டேய்."

சித்தப்பா ஆடிப்போய்விட்டார். கண்ணாடியில் அது நன்றாகத் தெரிந்தது.

"ஏர் ஃபில்டர் மாத்தி எவ்வளவு நாளாச்சுடா?"

"ரொம்ப நாளாச்சுண்ணே."

"மாத்துடா."

"மாத்திடறேண்ணே."

அவளுக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துவிட்டு ஓட்டினாள். பேச்சுவார்த்தை அற்றுப்போன இந்த இரண்டு பேரும் என்றாவது பேசினால் என்ன பேசுவார்கள் என்று சின்ன வயதில் நிறைய யோசித்திருக்கிறாள். ஏர் ஃபில்டர் பற்றிப் பேசுவார்கள் என்று யோசித்ததில்லை. ஆனால் அது போதும்போல் இருந்தது.

இறக்கம் வந்தது. கீழே ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தது.

"அண்ணே" என்றார் சித்தப்பா. இப்போது அவள் வழியாகச் சொல்லவில்லை. "கொம்புக்கு சிலிண்டர் மூணுதானே?"

பதில் இல்லை.

"மூணுதானே அண்ணே? அஞ்சாவது கியரும் கிடையாது அதுல."

வண்டி ஒரு வளைவில் திரும்பியது.

"அது டீசலே இல்லண்ணே. பெட்ரோல் வண்டி."

கண்ணாடியைப் பார்க்காமல் அவள் சாலையையே பார்த்தாள். பார்த்தால் கை நின்றுவிடும். சித்தப்பாவின் குரல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது.

"உன்னோடது ஓட்டை வண்டி. என்னோடதுதான் நல்ல வண்டி. ஊரே சொல்லுது. என் வண்டிதான் நல்ல வண்டி, கேட்டியா அண்ணே?"

இல்லை என்று சொல்ல அந்த வண்டிக்குள் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து அப்பாவைத் தள்ளுவண்டிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர் சீக்கிரமே வெளியே வந்தார். சீக்கிரம் வந்ததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வழியிலேயே உயிர் போயிருச்சும்மா" என்றார். "நீங்க செய்யக்கூடியதைச் செஞ்சிட்டீங்க." அவள் தலையாட்டினாள். அழுகை வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கொஞ்சநேரம் அழுதாள்.

அப்பாவை ஓர் ஓரத்து அறையில் கிடத்தியிருந்தார்கள். சித்தப்பா அதன் வாசலில் உள்ளே போகாமல் நின்றார். அண்ணனின் வேர்வையில் நனைந்த அவருடைய வேட்டி இன்னும் காயவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு..."

பழக்கதோஷத்தில் அவள் காத்திருந்தாள்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க சித்தப்பா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நாலு சிலிண்டர்" என்றார். கொஞ்சம் விட்டு, "கியர் அஞ்சு இருக்கு." மறுபடியும் கொஞ்சம் விட்டு, "ரிங்கு மூணு. நான்தானே மாட்டினேன்."

உடம்பை எடுத்துப் போகத் தள்ளுவண்டியோடு இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். அவள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "அண்ணனும் தம்பியும் பேசிக்கிட்டிருக்காங்க."