பத்துக்கு இரண்டு

"எட்டுன்னு சொல்லு. அதுக்குக் கீழ இறங்கிடாத."

"எட்டு இல்லையே அண்ணி."

"இல்லாட்டி என்ன? சொன்னா நாக்கு வெந்துடுமா?"

அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவரில் மாறிக்கொண்டிருந்த டோக்கன் எண்ணைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நாத்தனாரோ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் போல நிமிர்ந்து இருந்தாள். முப்பது வருஷம் கணக்கு டீச்சர். ஒரு பிள்ளைக்கும் அரை மார்க் சும்மா போட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் போன மாதத்திலிருந்து புது விதி. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று முதலில் நர்ஸ் கேட்பாள். ஏழோ அதற்கு மேலோ என்றால் இன்றைக்கே டாக்டர். குறைந்தால் நாலு மாதம் கழித்துத்தான். மூன்று வாரமாக நாத்தனாரின் முகம் வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்த்த அண்ணி, காலையிலிருந்து எட்டு என்ற எண்ணையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எண் வந்தது. நர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னம்மா பண்ணுது?"

"ஒரே அசதி. நடந்தா கால் கனக்குது."

"வலி பத்துக்கு எவ்வளவு?"

அண்ணி முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"ரெண்டு."

"எட்டு!" என்றாள் அண்ணி.

"நோயாளிதான் சொல்லணும்மா, அதான் ரூல்." நர்ஸ் தட்டி முடித்தாள். "தேதி போனுக்கு வரும். அடுத்தது!"

"பாத்தியா? சத்தியத்துக்குன்னே பொறந்தவ!" அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு வாரமா நீயும் தூங்கல, என்னையும் தூங்க விடல. ஹால்ல நாற்காலியப் போட்டு வாட்ச்மேன் மாதிரி உக்காந்துகிட்டு!"

"படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா தேவல. அது வலி இல்லையே அண்ணி. அவங்க கேட்டது வலி."

நர்ஸின் விரல்கள் நின்றன.

"உக்காந்துகிட்டா தூங்குறீங்க?"

"முதல்ல ரெண்டு தலகாணி வச்சேன். அப்புறம் மூணு. இப்ப நாற்காலி."

நர்ஸ் எழுந்து வந்து, குனிந்து, செருப்பைக் கழற்றி, சேலை ஓரத்தை உயர்த்தி, வீங்கியிருந்த கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

நர்ஸ் நிமிர்ந்தாள். "சக்கர நாற்காலி, சீக்கிரம்!" என்று கத்தினாள்.

அண்ணி ஒரு கையில் நாத்தனாரின் செருப்பும் ஒரு கையில் அவள் கைப்பையுமாகச் சக்கர நாற்காலிக்குப் பின்னாலேயே ஓடினாள். கதவு முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது.

"இதயத்துல ஏதாவதா தம்பி?"

"டாக்டர் வந்து சொல்வாரும்மா," என்றான் வாசலில் நின்ற ஊழியன்.

வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். கைப்பைக்குள் நாத்தனாரின் போன் சிணுங்கியது. ஆஸ்பத்திரியின் குறுஞ்செய்தி. நூற்றிருபது நாள் கழித்து, காலை பத்தரைக்கு டாக்டர். வருவதானால் ஒன்றை அழுத்தவும். பத்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால் ரத்து.

மூடிய கதவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். இன்னொரு நடை நடந்தாள். நாலு மாதம். எட்டு நிமிடம் போய்விட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"வருவா. வராம எங்க போயிடுவா?" என்று கதவோடு சண்டை பிடித்தபடியே ஒன்றை அழுத்தினாள்.