மாமியின் திரையில் என் அம்புக்குறி

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் தும்மினாலும் எனக்குத்தான் போன் வரும். பிறந்தது முதல் சென்னைவாசி. சோப்பு விற்கும் கம்பெனியில் வேலை. என்றோ ஒரு பிரிண்டரை அணைத்துப் போட்டுச் சரிசெய்தேன். அன்றிலிருந்து நிபுணன்.

சனிக்கிழமை காலை கேரள எல்லையிலுள்ள காரோட்டிலிருந்து விமலகுமாரி மாமி கூப்பிட்டாள். அப்பாவின் தங்கை.

"லிபினே, லேப்டாப்பு நத்தை மாதிரி இழைஞ்சாக்கும் போவுது. நீ ஒண்ணு கேறிப் பாரு மக்கா."

அவள் தன் திரையில் வந்த இணைப்பு எண்களை வாசிக்க வாசிக்க, இங்கிருந்தே அவள் திரைக்குள் நுழைந்தேன். வேண்டாததை அழித்துக்கொண்டே போனேன். வாய் சும்மா இருக்குமா?

"மாமி, ஒரே கிறிஸ்மஸ் கேக்கைப் பன்னிரண்டு படமா? கேக்குக்கே வெட்கமா இருக்கும்."

போனில் மாமி சிரித்தாள். சிரிக்க ஆள் கிடைத்தால் எனக்குக் கை நிற்காது.

அடுத்தது நாலு பக்கக் கோப்பு. மலையாள எழுத்து, சொல்லுக்குச் சொல் அடியில் சிவப்புக் கோடு. எனக்கு அந்த எழுத்து தெரியாது. மொழிபெயர்க்கும் செயலியில் போட்டேன். அது உளறியது.

"மாமி, இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு. இது மலையாளமே இல்லையாம். வைரஸாக்கும். கொன்னுரட்டா?"

இந்தத் தடவை மாமி சிரிக்கவில்லை.

"மாமி?"

"உனக்குத் தெரியாததா மக்கா. நீ செய்யி."

கொன்றேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

மதியம் அவள் மகள் பின்சி கூப்பிட்டாள்.

"எலே, அம்மைக்க சாட்சிய எங்க கொண்டு போட்ட?"

"என்ன சாட்சி?"

"நாளைக்குப் பெண்கள் ஞாயிறு. சபையில அம்மை முதல் தடவையா, கர்த்தர் செய்த நன்மையெல்லாம் சொல்லிப் பேசப்போறா. ரெண்டு மாசமா எழுதினதாக்கும்."

மாமி படித்தது நெய்யாற்றின்கரையில், மலையாளப் பள்ளிக்கூடத்தில். பேச்சும் ஜெபமும் தமிழ். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அதனால் தமிழையே மலையாள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

"அத யாருட்டயும் சொல்ல அம்மைக்கு நாணக்கேடு. நீ பேய்னு சிரிச்சா, என்னதுன்னு எப்பிடி சொல்லுவா?"

என் அம்புக்குறி நகர்ந்து போய் அதை அழிப்பதை, அவள் தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

மூன்று மணிநேரம் மீட்கப் பார்த்தேன். கேக் படங்கள் பன்னிரண்டும் திரும்பி வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

மாமியைக் கூப்பிட்டேன்.

"மன்னிச்சிருங்க மாமி. நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிக்கிறேன்."

"தமிழ்லயா? அத ஆரு வாசிப்பா? விடு மக்கா. நான் பேசல்லேண்ணு பாஸ்டரம்மைட்ட சொல்லிருதேன்."

"வேண்டாம் மாமி. நீங்களே அடிங்க. நான் எதையும் தொடமாட்டேன்."

தொட்டேன், ஒரே ஒரு முறை. அந்தச் சிவப்புக் கோடு வராதபடி நிறுத்தினேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

மாமி ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. வரிக்கு வரி உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தாள். மாமா தவறிப்போன வருஷம். பின்சிக்கு வந்த காய்ச்சல். பிறகு:

"தூரத்துல இருந்தாலும், எப்ப விளிச்சாலும் முகம் கோணாம வாற ஒரு அண்ணன் மகனைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்."

"மாமி, அந்த வரிய வெட்டிருங்க."

"முந்தி எழுதினதிலயும் அது உண்டு மக்கா. நீ வெட்டினது போதும்."