பாருலுக்குக் கட்டிய பூ

1971 ஆவணியில், பெஹாலா அகதி முகாமில் பாருல் என்கிற பெண்ணின் மார்பில் கட்டிய மல்லிகைச் சரம் வாடவில்லை. மறுநாள் காலை புது மொக்கு விட்டிருந்தது. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலையும் ஏறியிருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டியவள் அன்னம், முகாமுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்த வாஞ்சிநாதனின் மனைவி. எந்த ஊருக்குப் போனாலும் நம்மவர்கள் இரண்டு காரியம் தவறாமல் செய்வோம்: சாம்பார் விற்போம், கேட்காமலே வைத்தியம் சொல்வோம். எல்லையை நடந்தே கடந்து வந்த பாருலுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. குழந்தை போன சேதி பாலுக்கு எட்டவில்லை. மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டது. காய்ச்சலும் உதிரப்போக்கும் நிற்கவில்லை. முகாம் டாக்டர் காலராவுக்காக வந்தவர், நல்ல மனிதர். குழந்தையே இல்லாதவளுக்குப் பிரசவ டாக்டர் எதற்கு என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பால் வற்ற மல்லிகை வைத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அன்னம் ஹவுரா பாலத்தடியில் பூ வாங்கி வந்து கட்டினாள். வங்காளத்தில் அது கல்யாணப் பூ. முகாம் பெண்கள் முகம் சுளித்தார்கள்.

"பிள்ளையைப் புதைச்சவளுக்கு மாலையா, மத்ராஜி தீதி?"

"மாலை இல்லடி, மருந்து" என்றாள் அன்னம், தன் ஓட்டை வங்காளியில்.

பாருல் மட்டும் சிரித்தாள். "மாப்பிள்ளை யாரு தீதி?"

பூ பாலைக் குடித்துப் பூத்தது. காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் மணம் பாருலோடு நிற்கவில்லை. வழியில், மரத்தடியில், லாரியில் கரு கலைந்து, யாரிடமும் சொல்லாமல் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டு வந்த ஒவ்வொருத்தி மேலும் மல்லிகை மணந்தது. இந்த முகாமில் அப்படி ஓரிருவர்தான் என்று சொல்லிவந்த டாக்டர், ரேஷன் வரிசையைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அன்றே ஒரு பெண் டாக்டரை அனுப்பும்படி மேலிடத்துக்கு எழுதினார்.

அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். பாருலை அவர்கள் பார்த்துவிட்டால் போதும் என்று அன்னம் தானே இட்லி சுமந்துபோய்ப் பரிமாறினாள். சாப்பிட்டார்கள். மூச்சை ஆழ இழுத்தார்கள். இத்தனை சுத்தமான முகாமை எங்குமே பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டு, பெண் டாக்டரை நாற்றமடிக்கிற வேறொரு முகாமுக்கு அனுப்பிவைத்தார்கள். சட்னியும் நன்றாயிருந்ததாம்.

ஐப்பசியில் பாருல் செத்துப்போனாள். காய்ச்சல் என்றார்கள். அன்னம் சரத்தை அவிழ்க்கப் போனபோது, அன்று முகம் சுளித்த பெண்களே தடுத்தார்கள். "இருக்கட்டும் தீதி. இப்ப அது மாலைதான்." சிதையில் கடைசியாக எரிந்தது பூதான்.

சண்டை முடிந்து லாரிகள் வந்தன. பெண்கள் திரும்பிப் போனார்கள்; மணமும் அவர்களோடு போனது. இட்லிக்கடையில் மட்டும் போகவில்லை. வாஞ்சிநாதன் முதலில் எண்ணெயைச் சந்தேகப்பட்டார். பிறகு ஊதுவத்திக்காரனோடு சண்டை போட்டார். ஒரு மத்தியானம், மாவரைத்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எப்போலேர்ந்துடி?"

"பாலிகஞ்ச் ஜாகைல ஒண்ணு. இங்க வந்தப்புறம் ரெண்டு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"வயித்துவலின்னேனே. சுக்குக் கஷாயம் போட்டுக்கோன்னேள். அன்னிக்கு மாவு வேற புளிக்கலை, அதுக்குக் கத்திண்டிருந்தேள்."

அவர் உட்கார்ந்து குழவியை வாங்கிக்கொண்டார். அரைக்கத் தெரியாது, மறுநாள் இட்லி கல்லாக இருந்தது. வங்காளிகள் பெருந்தன்மையோடு மென்றார்கள்.

இப்போது 1984. மல்லிகை மணக்காத சாம்பாரை அசல் மதராஸ் சாம்பார் என்று பெஹாலாவில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. என்ன போடுகிறீர்கள் என்று ஆண்கள் கேட்பார்கள். வீட்டு விஷயம் என்பார் வாஞ்சிநாதன். சில பெண்கள் எதுவும் கேட்பதில்லை. வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, நேரே அடுப்பங்கரைக்குள் அன்னத்திடம் போய்விடுகிறார்கள். அவர் நாற்காலியை நகர்த்தி வழிவிடுகிறார்.