சுல்லாவின் பின்னால் போனவர்கள்

சிவேந்திரன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாதுகாவலர் நிறுவனத்தின் மேலாளர். அம்பாங்கிலும் சாலாக் செலாத்தானிலும் உள்ள அடுக்குமாடிகளுக்கு காவலுக்கு ஜாகாக்களை அனுப்புவது அவர் வேலை. ரோமானியப் படைகளைப் பற்றிப் படிப்பது அவருடைய பித்து. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை முதலாளி ஓர் உத்தரவு போட்டார். இனி ஜாகாக்களுக்கு வார ஓய்வு கிடையாது. சிவேந்திரன் வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. மாலையில் மூத்த ஜாகா சின்னையா அலுவலகத்துக்கு வந்தார்.

“பாஸ், நீங்க தனியா கம்பெனி போடுங்க லா. அம்பாங் கோண்டோ கட்டடக்காரன் ஒப்பந்தத்த உங்களுக்கே தர்றேங்குறான். ஒரு வார்த்தை சொல்லுங்க, நாப்பது பேரும் உங்க பின்னாடி வந்துருவோம்.”

“யோசிச்சுச் சொல்றேன் அண்ணே.”

சின்னையா சொன்னது அவருக்கு இனித்தது. இனித்ததுதான் உறுத்தியது. இரண்டு நாளாக வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

“ஞாயித்துக்கிழமை பேசுறதுக்கா இவ்வளவு பதட்டம்?” என்றாள் மனைவி கௌசலா.

கிள்ளானில் முப்பது பேர் வந்திருந்தார்கள். பழைய ரோமில் நிலம் உள்ளவன்தான் சிப்பாய், போர் முடிந்தால் வயலுக்குத் திரும்பிவிடுவான் என்று தொடங்கினார். பிறகு மாரியுஸ் என்ற தளபதி நிலமில்லாதவர்களையும் படையில் சேர்த்தார். போருக்குப் பின் அவர்களுக்கு நிலம் வாங்கித் தரத் தளபதியை விட்டால் ஆளில்லை. படை மெல்லத் தளபதியின் சொந்தமாயிற்று. பத்தொன்பது ஆண்டு கழித்து சுல்லா என்ற தளபதி ரோமின் மேலேயே படையெடுத்தார். அதிகாரிகளில் ஒருவரைத் தவிர எல்லோரும் அவரை விட்டு ஓடினார்கள். சிப்பாய்கள் மட்டும் பின்னால் போனார்கள்.

முன்வரிசையில் இருந்த உஷாராணி என்ற மருத்துவமனைத் தாதி கை தூக்கினார். “அவர் மேல உள்ள பாசத்துலயா சார் போனாங்க?”

“இல்லைங்க. கிழக்குல நடக்கப்போற போருக்கு இருந்த சுல்லாவ நீக்கிட்டு மாரியுஸ தளபதியாக்கிட்டாங்க. அவர் வேற ஆளுங்களக் கூட்டிட்டுப் போயிருவாரு, நமக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு பயந்தாங்க.”

“அந்தக் குறைய அவங்களே போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லையா?”

“இருந்த மாதிரி தெரியல,” என்றார். சொல்லும்போதே சின்னையாவின் நாற்பது பேர் நினைவுக்கு வந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் காரில் ஏறாமலே சின்னையாவை அழைத்தார்.

“அண்ணே, என் பின்னாடி யாரும் வர வேணாம். நாளைக்குத் தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம். அவங்கவங்க பேர்ல அவங்கவங்க புகார் எழுதட்டும். நான் சாட்சி சொல்றேன்.”

“நாப்பது பேரும் வரமாட்டாங்க பாஸ். பயப்படுவாங்க.”

“வர்றவங்க வரட்டும்.”

பதினொரு பேர் வந்தார்கள். சின்னையா அரைமணி நேரம் தாமதமாக, சீருடையோடு வந்து தன் பெயரை எழுதினார். மூன்றாவது வாரம் அதிகாரிகள் விசாரணைக்கு வந்ததும் முதலாளி உத்தரவைத் திரும்பப் பெற்றார். அடுத்த மாதம் சிவேந்திரனை வேலையிலிருந்து நிறுத்தினார். அவருக்குக் கிடைக்கவிருந்த அம்பாங் ஒப்பந்தமும் வேறு நிறுவனத்துக்குப் போனது.

“வருத்தமா?” என்று கேட்டாள் கௌசலா.

“வேலை போனதுக்கு இல்ல. நான் நியாயத்துக்காக வேணாம்னு சொன்னேனா, நாப்பது பேரைக் கட்டி மேய்க்கப் பயந்து சொன்னேனா? அதுதான் இன்னும் புரியல.”