இருக்கட்டும்

டிராயிங் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்த தண்ணீர்க் கூஜாவை ஏழு வருடமாக யாராலும் தூக்க முடியவில்லை. கூஜா மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த இரண்டு டம்ளர், கத்தி, பாதி நறுக்கிய எலுமிச்சம்பழம், எண்ணெய்க் குப்பி எல்லாமே அப்படித்தான். டீச்சரின் தம்பி மூன்று கூட்டாளிகளோடு வந்து இழுத்துப் பார்த்ததில் மேஜைதான் மேலே எழும்பியது. கத்தி ஒரு நூல்கூட நகரவில்லை. வெட்டிய பழம் காயவும் இல்லை, கெடவும் இல்லை. ஒரு விடுமுறை நாளில் டீச்சர் அந்தச் சாமான்களை வரைந்தாள். கூஜாவின் வாய் மேலிருந்து பார்த்தாற்போல வட்டமாகவும், அடிப்பாகம் எதிரே நின்று பார்த்தாற்போலத் தட்டையாகவும் படத்தில் இருந்தன. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர், இதைத் தரையில் நின்று பார்ப்பதா, ஸ்டூலில் ஏறிப் பார்ப்பதா என்று கேட்டார். பிறகு, சாப்பிட வேண்டும், மேஜையை ஒழித்துவிடட்டுமா என்று கேட்டார். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள், "இருக்கட்டும்" என்றாள். அவை இருந்துவிட்டன.

விஷயம் புரிந்த நாளிலிருந்து டீச்சர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். எழுந்த விருந்தாளியைக்கூட 'இருங்க' என்று உபசரிக்கவில்லை. தலைக்கனம் பிடித்தவள் என்று தெருவில் பேர் வாங்கினாள். வரைவதை மட்டும் விடவில்லை. ஒரு பழத்தை மூன்று நாள் பார்க்கிறவள் தன்னை மூன்று நிமிடம் பார்த்ததில்லை என்பது மெக்கானிக்கின் குறை. குறை வளர்ந்து மனக்கசப்பானது. ஒன்பது மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த டெப்போவுக்கு அவரே மாற்றல் கேட்டு வாங்கினார். அங்கே குவார்ட்டர்ஸ் உண்டு, தனியாகவே இருந்துகொள்வேன் என்றார்.

கிளம்பும் காலையில் பெட்டியோடு வாசலில் நின்றார். "ஒரு வார்த்தை, இருங்கன்னு சொல்ல மாட்டியா?"

சொல் தொண்டைவரை வந்தது. டீச்சர் விழுங்கினாள். அவர் இல்லாத வீட்டை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"சொன்னா இருந்துடுவீங்க. அந்தப் பழம் மாதிரி. எனக்கு அது வேணாம்" என்றாள். பிறகு பழக்கதோஷத்தில், "போயிட்டு வாங்க."

அன்று மூன்று மணிக்கு மெக்கானிக் புது டெப்போவில் கையெழுத்துப் போட்டார். ஆறரை மணிக்குக் குவார்ட்டர்ஸ் கதவைத் தள்ளினார். உள்ளே இருந்தது அவர்களுடைய பழைய வீடு; டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மறுநாளும் முதல் பஸ்ஸில் போனார், ஆறரைக்குத் தன் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றார். நான்கு நாள் இப்படியே ஆனது. வழியனுப்பும்போது யாரும் வெறுமனே 'போ' என்பதில்லை. அவளும் நான்கு நாளும் 'போயிட்டு வாங்க' என்றே சொல்லியிருந்தாள். அதுவரை தினமும் போனவர் தினமும் வந்ததால், இந்தச் சொல்லும் பலிக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. நாத்தனார் ஏன் வாரம் தவறாமல் வந்து நிற்கிறாள் என்பதும் டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது.

வர மனமில்லாதவரை இழுத்து வருவது பாவம் என்று அவளுக்குப் பட்டது. ஐந்தாம் நாள் வாசலில் நின்று, நாக்கு கூச, "போங்க" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல் பஸ் போய்விட்டது.

"சரி, வரேன்" என்றார்.

அவர் வாய்க்கு அந்த மாதிரிச் சக்தியெல்லாம் கிடையாது. அன்று ஆறரைக்குக் கதவு திறக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் திறக்கவில்லை. ஞாயிறு மதியம், டிக்கெட் எடுத்து, ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, கால் இரண்டும் வீங்கி வந்து சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை வாராவாரம் அப்படியே வந்தார். தெருக்காரர்கள் மற்ற அதிசயங்களைப் போலவே இதையும் சகஜமாக எடுத்துக்கொண்டார்கள்.